ரெண்டு சும்மா, மூணாவது கணக்கு

கதீட்டர் குழாயின் நுனியைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டு ஐந்து வரை எண்ண வேண்டும். சுகந்தி எண்ணத்தான் செய்தாள், ஆனால் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் அக்காவின் செருப்பு வந்து நின்றுகொண்டது. காலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில் ஜோடியாக, முனை பிசகாமல் விடப்பட்டிருந்த செருப்பு. குமுதா அக்கா இந்த நாற்பத்தெட்டு வயதில் ஒரு நாளாவது செருப்பை ஒழுங்காக விட்டவள் இல்லை. ஒன்று படியில் கிடந்தால் இன்னொன்று தெருவில் கிடக்கும். பயம் வந்தால்தான் அவளுக்கு ஒழுங்கு வரும். ஐந்து என்று சொல்லிப் பொத்தானைத் தட்டினாள் சுகந்தி. மோட்டார் கை மயிரிழை மயிரிழையாக இறங்கியது. அதன் பிடியில் இருந்த குழாய், பேனா ரீஃபில் தடிமன்தான் இருக்கும், தண்ணீருக்குள் இருந்த சின்னத் தட்டைத் தொட்டு அழுத்தியது. தட்டு ஒரு தராசோடு சேர்ந்தது. எத்தனை கிராம் அழுத்தம் என்று தராசு உண்மையைச் சொல்லும். குழாயின் நுனிக்குள் பொதிந்த சென்சாரும் தன் பங்குக்கு ஒரு கிராம் கணக்கைப் பக்கத்துத் திரையில் சொல்லும். இரண்டும் ஒன்றையே சொல்கின்றனவா என்று பார்ப்பதுதான் இவள் வேலை. மூன்று கிராம் முன்னே பின்னே இருந்தால் மன்னிக்கலாம். ஒரகடத்துக்குப் பக்கத்தில், வெளியே லாரி போகும் சத்தம்கூடக் கேட்காத இந்தக் கம்பெனிச் சோதனை அறையில், தலைக்குத் தொப்பியும் வாய்க்கு முகமூடியும் மாட்டிக்கொண்டு, பதினோரு வருஷமாக இப்படி இரண்டு சாட்சிகளை எதிரெதிரே நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருக்கிறாள். சொந்தக்காரர்கள் யாராவது என்னம்மா வேலை என்று கேட்டால் குத்துகிற வேலை என்று சொல்லிச் சிரிப்பாள். அவர்களும் எதுவும் புரியாமல் கூடவே சிரிப்பார்கள்.

இன்றைக்கு வந்திருக்கவே வேண்டாம். லீவு எழுதிக் கொடுத்தாயிற்று, மேலதிகாரி கலியமூர்த்தி சாரும் போய்ட்டு வாம்மா என்று சொல்லியாயிற்று. ஆனால் காலையில் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில், ஒன்றோடொன்று பூட்டிய இரும்பு நாற்காலிகளில் ஒன்றில், தயாளன் மாமாவுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்ததுமே இவளுக்கு உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்துவிட்டது. மாமா அக்காவின் புருஷன், அரக்கோணத்தில் ரயில்வேயில் வேலை, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ஜாதி. அரை மணி நேரமும் எதிர்ச் சுவரில் இருந்த தீயணைப்பு சிலிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். லாட் ஒன்று இன்றைக்கு முடித்தாக வேண்டும் மாமா, மூணு மணிக்கெல்லாம் திரும்பிடுவேன் என்று ஒரு சாக்கைச் சொல்லிவிட்டுக் கிளம்பி வந்துவிட்டாள். சொல்லும்போதே தெரிந்தது, ஓடுகிறோம் என்று. ஓடி வந்தது எங்கே என்றால் அதே குழாயிடம். ஆஸ்பத்திரியில் அக்காவின் தொடை ரத்தநாளம் வழியாக நெஞ்சுக்குள் போகப்போகிற அதே மாடல் குழாய் இங்கே இருபது, வெதுவெதுப்பான தண்ணீரில் வரிசையாக ஊறிக்கொண்டிருக்கிறது. உடம்புச் சூடு முப்பத்தேழு டிகிரி, தண்ணீருக்கும் முப்பத்தேழு. கை விட்டால் சூடும் தெரியாது குளிரும் தெரியாது, தண்ணீரில் கை விட்டிருக்கிறோம் என்பதே தெரியாது. அந்த உணர்ச்சி சுகந்திக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.

ஏழாவது குழாயை எடுத்துப் பொருத்தினாள். கடிகாரத்தில் இரண்டு அடிக்க ஐந்து நிமிஷம். இரண்டு மணிக்கு உள்ளே கூட்டிப் போவதாகச் சொன்னார்கள். கூட்டிப் போனதும் சூடு வைத்துவிட மாட்டார்கள். மயக்கம் கொடுக்க வேண்டும், தொடையில் துளை போட வேண்டும், குழாயை மேலே ஏற்றி இதயத்தின் உள்சுவரைத் தடவித் தடவி ஒரு படம், அவர்கள் பாஷையில் மேப்பிங், வரைந்துகொள்ள வேண்டும், அதற்கே முக்கால் மணி ஆகும். எப்படியும் இரண்டே முக்காலுக்கு மேல்தான். பிறகு எந்த இடத்திலிருந்து தப்பான துடிப்பு கிளம்புகிறதோ அங்கே நுனியை வைத்து அழுத்தி, அந்த இடத்தைச் சுட்டு அடக்க ஒரு சூடு, நகர்த்தி இன்னொரு சூடு. ஒன்றரை வருஷமாக அக்காவின் நெஞ்சு தாளம் தப்பிக்கொண்டிருக்கிறது. மின்வாரியத்தில் பில் கட்டும் கவுன்ட்டரில் உட்கார்ந்து, வரிசையில் நிற்பவர்களை அதட்டியே பழகிய மனுஷி. போன தீபாவளிக்கு முந்தின வாரம் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். மாத்திரை கேட்கவில்லை. சூடு வைத்துவிடலாம் என்றார் டாக்டர். அதற்கு ஒத்துக்கொள்ள வைக்கத்தான் படாத பாடு. சுகந்தி அரக்கோணத்துக்குப் போய் அடுப்படியில் உட்கார்ந்து, அக்காவோடு சேர்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்தாள். "ஏன்டி, நெஞ்சுக்குள்ள கம்பிய விட்டுக் குத்துவாங்களாமே, ஓட்ட விழுந்துருச்சுன்னா?" என்றாள் அக்கா, நாரைப் பார்த்தபடியே. சுகந்தி யோசிக்கவே இல்லை. "அந்தக் கம்பி எங்க கம்பெனிதுக்கா. ஒவ்வொண்ணும் என் கையால அழுத்திப் பாத்துதான் வெளிய போவுது. உனக்குப் போறதும் நான் பாத்ததாத்தான் இருக்கும், போதுமா?" அக்கா நிமிர்ந்து பார்த்தாள். மறுநாளே டாக்டருக்குப் போன் செய்து தேதி வாங்கிவிட்டாள்.

அது பொய். ஆசையில் சொன்ன பொய், தங்கை சொல்கிற பொய், ஆனாலும் பொய். ஒரே தடவையில் செய்து வருகிற ஒரு லாட்டுக்கு இருபது குழாயை எடுத்துத்தான் சோதிப்பார்கள். சோதித்த இருபதும் தண்ணீரில் ஊறி, வளைந்து, குத்துப்பட்டு, குப்பைக்கான சிவப்புப் பைக்குள் போய்விடும். மிச்சம் இருக்கிற நானூறோ ஐந்நூறோ, யார் கையும் படாதது, அதுதான் பெட்டியில் ஏறும். அதாவது மனுஷ உடம்புக்குள் போகிற எந்தக் குழாயையும் சுகந்தி தொட்டதே கிடையாது. அவள் தொட்டது எதுவும் உடம்புக்குள் போகாது. இருபது பேரை நன்றாக விசாரித்துவிட்டு ஊரே யோக்கியம் என்று எழுதிக் கொடுக்கிற வேலை. அது ஒன்றும் ஏமாற்று இல்லை, உலகம் முழுக்க அப்படித்தான், அரிசி வெந்ததா என்று ஒரு பருக்கையைத்தானே நசுக்கிப் பார்க்கிறோம். இதை அக்காவிடம் சொல்லியிருந்தால் அக்கா கேட்டிருப்பாள், நசுக்கின பருக்கை சரி, நான் திங்கப்போற பருக்கை என்று. கேட்பாள், கவுன்ட்டரில் உட்கார்ந்தவள் இல்லையா. அதனால்தான் சொல்லவில்லை. நேற்றுச் சாயங்காலம் நர்ஸிடம் கெஞ்சி, அக்காவுக்காக எடுத்து வைத்திருந்த பெட்டியை வாங்கிப் பார்த்தாள். லாட் எண்ணைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. போன மாசம் இவள் சோதித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய லாட். கட்டிலுக்கு ஓடிப்போய், "அக்கா, நம்ம கையெழுத்துதான்!" என்றாள். அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைக்கப் பிடிக்கவில்லை. ஏன்? ஒன்றும் ஆகவில்லையே. லாட் சுத்தமான லாட். இருபதுக்கு இருபது தேறியது.

நேராக ஒரு முறை, நாற்பத்தைந்து டிகிரி சாய்த்து ஒரு முறை, முழுக்கப் பக்கவாட்டில் ஒரு முறை, தராசு முப்பது கிராம் காட்டும் வரைக்கும் அழுத்த வேண்டும். ஒவ்வொரு கோணத்திலும் மூன்று தடவை. முதல் இரண்டைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது. "ரெண்டு சும்மா, மூணாவது கணக்கு" என்பது இந்த அறையின் வேதவாக்கு. புதிதாகச் சேருகிறவர்கள் கழிப்பறை எங்கே என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கற்றுக்கொள்கிறார்கள். அந்த வேதத்தை எழுதிய ரிஷி சாட்சாத் சுகந்தியேதான். ஆறு வருஷத்துக்கு முன் இருந்த பழைய மெஷினில் தட்டுக்கு அடியில் காற்றுக் குமிழி போய் ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை அழுத்தினால் குமிழி நசுங்கும், இரண்டாவது தடவையில் ஓடிவிடும், மூன்றாவது தடவைதான் தராசு ஒழுங்காகப் பேசும். பெரிய பெரிய படிப்புப் படித்தவர்களெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, இட்லிப் பானையில் தட்டைச் சொருகி எடுக்கிற பெண்பிள்ளைதான் குமிழியைக் கண்டுபிடித்தாள். கேன்டீன் சுவரில் அவள் போட்டோவை மாட்டினார்கள், கீழே 'சிறந்த யோசனை' என்று. அந்த மாசம் முழுக்க அவள் சாம்பார் வாங்க வரிசையில் நிற்கும்போது போட்டோ தெரிகிற பக்கமாகவே நிற்பாள். விதி எழுதப்பட்டு, அச்சாகி, கையெழுத்தாகி, ஃபைலுக்குள் போனது. நாலு வருஷத்துக்கு முன்னால் மெஷினை மாற்றினார்கள்; இதில் தட்டு தொங்குகிற மாதிரி, குமிழி ஒட்ட இடமே இல்லை. விதி மட்டும் அப்படியே இருக்கிறது. அதை எடுத்துவிடலாமா என்று யாரும் கேட்கவில்லை. சுகந்தியும் கேட்கவில்லை. தன் போட்டோவைத் தானே கழற்ற யாருக்கு மனசு வரும்?

ஏழாவது குழாயும் முடிந்தது. ஏழுக்கு ஒரு தடவை நிறுத்தி, ஷீட்டில் கடைசிக் கட்டத்தில் வித்தியாசத்தைக் கழித்து எழுத வேண்டும். பேனாவை எடுத்தாள். முதல் குழாய், நேர்: தராசு முப்பது, திரை இருபத்தொன்பதரை, வித்தியாசம் அரை. நல்லது. சாய்வு: தராசு முப்பது, திரை இருபத்துநாலு. வித்தியாசம் ஆறு. ஆறா? கழித்தலைத் திரும்பப் போட்டாள், இரண்டாம் வகுப்புப் பிள்ளை மாதிரி விரலை மடக்கி. ஆறுதான். பக்கவாட்டு: ஆறு புள்ளி இரண்டு. அடுத்த குழாய், நேரில் சரி, சாய்வில் ஆறு, பக்கவாட்டில் ஐந்து புள்ளி எட்டு. அடுத்தது ஆறு. அடுத்தது ஆறு. ஏழு குழாயும் பெயிலா? இந்த மாடல் இத்தனை வருஷத்தில் ஒன்று பெயிலானதில்லை. பிறகுதான் புரிந்தது, தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. மூன்றாவது அழுத்தத்தின் எண்ணை எழுதுவதற்குப் பதிலாக ஏழு குழாய்க்கும் முதல் அழுத்தத்தின் எண்ணை எழுதி வைத்திருக்கிறாள். முதல் தடவை அழுத்தியதும் கை தானாக எழுதியிருக்கிறது. அடுத்த இரண்டை, செருப்பையும் சிலிண்டரையும் நினைத்துக்கொண்டு, பார்க்காமலே அழுத்தித் தள்ளியிருக்கிறாள். பதினோரு வருஷத்தில் செய்யாத தப்பு. அப்பாடா என்றுதான் முதலில் தோன்றியது. வெறும் எழுத்துப் பிழை. அந்த அப்பாடா நெஞ்சில் இறங்கி உட்காருவதற்குள் பின்னாலேயே வேறொன்று வந்தது: குமிழிதான் இல்லையே, அப்புறம் முதல் அழுத்தம் ஏன் ஆறு கிராம் குறைகிறது?

தராசு பொய் சொல்லவில்லை. தராசு முப்பது என்றால் முப்பது. பொய் சொன்னது குழாய். ஏழாவதைப் பக்கவாட்டில் திருப்பி விடாமல் மூன்று தடவை அழுத்தினாள். மூன்றாவதில் இருபத்தொன்பது என்றது, நல்ல பிள்ளை மாதிரி. கையைத் தூக்கி, நுனி எதையும் தொடாமல் தண்ணீரில் சும்மா நிற்க விட்டாள். ஒரு நிமிஷம். கடிகாரத்தின் சிவப்பு முள் அறுபது அடி நடந்ததை ஒவ்வொரு அடியாகப் பார்த்தாள். அழுத்தினாள். இருபத்துநாலு. திரும்ப அழுத்தினாள், இருபத்தேழு. திரும்ப, இருபத்தொன்பது. மறுபடி ஒரு நிமிஷம் சும்மா விட்டாள். இருபத்துநாலு. நுனிக்குள் இருக்கிற சின்னச் சுருள்வில்லில் ஏதோ சோம்பல், தூங்கி எழுந்தவன் மாதிரி, முதல் தட்டலுக்குப் பாதிக் கண்ணைத்தான் திறக்கிறது. இரண்டு தடவை தட்டி எழுப்பிவிட்டு மூன்றாவது தடவை கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்கிறது. நாம் எப்போதும் மூன்றாவது தடவைதான் கேட்டோம். டாக்டர் இரண்டு தடவை சும்மா அழுத்துவாரா? இதயத்துக்குள் ஏது சும்மா? ஒரு இடத்தில் வைப்பார், எடுப்பார், வேறு இடத்துக்குப் போவார், ஒவ்வொரு இடத்திலும் அது முதல் அழுத்தம். அங்கே எல்லாமே முதல் அழுத்தம். கம்ப்யூட்டரில் போன மாசத்து ஃபைலைத் திறந்தாள். மெஷின் ஒவ்வொரு அழுத்தத்தையும் விடாமல் பதிந்து வைத்திருந்தது, அதற்குச் சும்மாவும் தெரியாது கணக்கும் தெரியாது. அக்காவின் லாட். இருபது குழாய். முதல் அழுத்தம், பக்கவாட்டு: இருபத்துநாலு, இருபத்துமூணரை, இருபத்துநாலு, இருபத்துநாலு. கீழே வரை அப்படியேதான். யாரும் பார்க்காமல் ஒரு மாசமாக அங்கேயே இருந்திருக்கிறது. ஆறு கிராம் என்பது ஒரு டீஸ்பூன் சர்க்கரைக்குக் கொஞ்சம் மேல், காப்பியில் போட்டால் நாக்குக்குக்கூடச் சரியாகத் தெரியாது. ஆனால் அந்தச் சுவர் சில இடங்களில் இரண்டு மில்லிமீட்டர்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வகுப்பு எடுத்தவர் காட்டிய படம் ஞாபகம் வந்தது, அழுத்தம் மீறினால் சுவர் கிழியும், ரத்தம் இதயத்தைச் சுற்றியிருக்கிற பைக்குள் கசியும், பை இறுகும், உள்ளே துடிக்க இடம் இருக்காது. அப்போது மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகிறதே என்று நினைத்துக்கொண்டு பார்த்த படம். பயமாக இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, நிஜமாகவே பயமாக இருந்தது. மணி இரண்டு இருபது.

கதவு திறந்தது. கலியமூர்த்தி சார், தர விஷயங்களுக்கெல்லாம் கடைசிக் கையெழுத்து இவருடையதுதான். தொப்பியைப் புருவம் வரைக்கும் இழுத்து விட்டிருந்தார். கெட்ட மனுஷன் கிடையாது. இவள் மகனுக்கு ஐடிஐயில் இடம் வாங்கிக் கொடுத்தவர். "ஏம்மா, அக்காவுக்கு இன்னைக்கின்னு சொன்ன, இங்க என்ன பண்ற?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர் ஷீட்டைப் பார்த்துவிட்டார். பார்த்ததுமே அவருக்கும் புரிந்துவிட்டது, அனுபவஸ்தர். "மொத ரீடிங்கயா எழுதிட்ட? மனசு எங்கியோ இருக்கும், பாவம். சரி, ஒரு கோடு போடு, பக்கத்துல தவறான பதிவுன்னு எழுதி கையெழுத்து, தேதி. மெஷின்ல மூணாவது ரீடிங் இருக்குமே, அத எடுத்து எழுதிடு. முடிஞ்சுது, கெளம்பு." இங்கே எழுதியதை அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது, அடியில் இருப்பது தெரிகிற மாதிரி ஒரே ஒரு கோடுதான் போட வேண்டும். சுகந்தி, "சார், போன லாட்டுலயும் இப்படித்தான் இருக்கு, பாத்துட்டேன்" என்றாள். "இருக்கும். அதுக்குத்தான ரெண்டு சும்மா? நீ கண்டுபிடிச்சதுதானம்மா?" "அது குமிழிக்கு சார். இப்ப குமிழியே இல்ல." அவர் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சுகந்தி, நான் சொல்றத நிதானமா கேளு. இத மேல எழுதினா இந்த லாட்டு நிக்கும். போன லாட்டத் திருப்பிக் கேப்பாங்க. அதுக்கு முந்தினது, அதுக்கு முந்தினது, நாலு வருஷம். விசாரணைன்னு வந்தா அந்த விதிய எழுதுனது யாருன்னு பாப்பாங்க. கேன்டீன்ல போட்டோவே மாட்டி வெச்சிருக்கோம். புரியுதா? திங்கக்கெழம நானும் நீயும் உக்காந்து பொறுமையா பாப்போம். இன்னைக்குக் கோடப் போட்டுட்டு அக்காவப் போயிப் பாரு." அக்காவைப் போய்ப் பார் என்று அவர் அன்பாகத்தான் சொன்னார். தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

பேனா கையில் இருந்தது. ஒரு கோடு. ஏழு குழாய்க்கு இருபத்தொரு கட்டம், இருபத்தொரு கோடு, இரண்டு நிமிஷ வேலை. திங்கட்கிழமை பார்க்கலாம், இன்றைக்கு வெள்ளி. நாலு வருஷமாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே. ஆகவில்லை என்று யார் சொன்னது? ஆயிருந்தால் யார் வந்து இவளிடம் சொல்லியிருப்பார்கள்? டாக்டர்கள் கெட்டிக்காரர்கள், நம்பரை மட்டுமா பார்ப்பார்கள், கையிலேயே தெரியும். தெரியுமென்றால் இந்தச் சென்சார் எதற்கு, இந்தத் தராசு எதற்கு, பதினோரு வருஷமாக நான் எதற்கு? முதல் கட்டத்தில் பேனாவை வைத்தாள். வேலை போனால் என்ன ஆகும் என்று ஒரு மூலை யோசித்தது, பையனின் ஐடிஐ, வாடகை, அவள் புருஷன் வேலைக்குப் போகிற அழகு ஊருக்கே தெரியும். அந்த மூலையே இன்னொன்றையும் யோசித்தது: போட்டோவைக் கழற்றுவார்கள். சீ என்று இருந்தது. அக்கா மேஜையில் படுத்திருக்கிறாள், இவளுக்குப் போட்டோ. கோட்டைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அக்கா பக்கத்தில் நின்றால் ஒன்றும் நடக்காமலே போகலாம். பெரும்பாலும் நடக்காது. நூற்றில் ஒன்றுகூட இருக்காது. ஆனால் அந்த ஒன்று இன்றைக்கே நடந்தால், அக்காவின் முகத்தில் துணியை இழுத்துவிட்டு அவர்கள் வெளியே வந்தால், இந்த இருபத்தொரு கோட்டை நான் போட்டது எனக்கு மட்டும் தெரிந்திருக்கும். சாகிற வரைக்கும் அவரைக்காய்க்கு நார் உரிக்க முடியாது. டாக்டரின் கண் இப்போது திரையில் இருக்கும். இருபத்துநாலு என்று பார்த்துவிட்டு, சரி இன்னும் கொஞ்சம் அழுத்தலாம் என்று நினைப்பார். அழுத்துவார். அவர் மேல் தப்பே இல்லை. அவர் என்னை நம்புகிறார். என்னை எதற்கு நம்புகிறார், என் முகம்கூடத் தெரியாது. பெட்டி மேல் இருக்கிற எண்ணை நம்புகிறார். அந்த எண்ணுக்குக் கீழே என் கையெழுத்து. மணி இரண்டு முப்பத்திரண்டு. சுகந்தி பேனாவை மூடி ஷீட் மேலேயே வைத்தாள், கோடு போடவில்லை.

கையுறையைக் கழற்றுவதற்குள் நகம் பெயர்ந்துவிடும்போல இருந்தது. காற்று ஊதுகிற சின்ன அறையைக் கடந்து, தொப்பியைக் கூடையில் வீசிவிட்டு, லாக்கர் வராந்தாவுக்கு வந்தாள். உள்ளே போனுக்கு அனுமதி இல்லை. லாக்கரின் நம்பர் பூட்டில் நாலு எண்ணைப் போட விரல் இரண்டு தடவை தவறியது. போனில் யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. தயாளன் மாமா முதல் மணியிலேயே எடுத்தார்.

"மாமா, அக்கா?"

"உள்ள கூட்டிட்டுப் போயி அர மணி நேரம் ஆவுது. நீ வரலியா?"

"மாமா, இப்ப நான் சொல்றத அப்படியே போயி டாக்டர்கிட்ட சொல்லணும். கதவத் தட்டுங்க. அந்தக் குழாய் சரியா காட்டல. பக்கவாட்டுல அழுத்தினா கொறச்சுக் காட்டுது. சூடு வைக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னால சொல்லணும்."

"என்னம்மா சொல்ற? நீதான ஒவ்வொண்ணயும் கையால அழுத்திப் பாக்கறேன்னு சொன்ன? அத நம்பித்தான அவ படுத்தா?"

"பொய் மாமா. அவ ஒத்துக்கணும்னு சொன்னேன். அவளுக்குப் போற குழாய நான் பாத்ததே இல்ல. யாருமே பாத்ததில்ல. பாத்த குழாயும் தப்பாத்தான் பாத்திருக்கேன். என்ன அப்புறமா திட்டுங்க, இப்ப கதவத் தட்டுங்க."

அவர் திட்டவில்லை. மூச்சு வாங்குவது கேட்டது, பிறகு உள்ளங்கையால் கதவை அறைகிற சத்தம். ஒரு பெண் குரல் அதட்டியது, உள்ள வரக்கூடாதுங்க. அதற்கு மேல் மாமாவின் குரல் எழும்பியது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மனுஷன் சத்தம் போட்டு சுகந்தி கேட்டதில்லை: "என் பொண்டாட்டிம்மா உள்ள! கம்பெனிலேர்ந்து பேசறாங்க, டாக்டரக் கூப்புடு!" பிறகு ஒன்றுமில்லை. சுகந்தி லாக்கர் கதவின் தகரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டாள், அது சில்லென்று இருந்தது. இரண்டு முப்பத்தெட்டு. இரண்டு முப்பத்தொன்பது. நாற்பத்தைந்து நிமிஷம் என்பது உத்தேசம்தானே, கை பழகிய டாக்டருக்கு அரை மணியே போதுமாக இருக்கலாம். போனைக் காதில் எவ்வளவு அழுத்தியிருந்தாளோ, காது வலித்தது. யாரோ போனை வாங்குகிற கரகரப்பு. தூரத்தில் இதயம் துடிப்பதை எண்ணுகிற மெஷினின் சத்தம், தாளம் தப்பித் தப்பி. அது அக்காவுடையது. பிறகு முகமூடிக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல், அவசரமில்லாமல்.

"ஸ்பீக்கர்ல போட்டிருக்காங்க, சொல்லுங்க. என்ன பிரச்சன?"

"சார், சூடு வெச்சுட்டீங்களா?"

"இல்ல. இப்பதான் மேப்பிங் முடியுது. சொல்லுங்க."

அவள் சொன்னாள். பதினோரு வருஷ வேலை, வாய் தானாகச் சொன்னது. நேராக அழுத்தினால் சரி, நாற்பத்தைந்து டிகிரியிலிருந்து பக்கவாட்டு வரைக்கும் முதல் அழுத்தத்தில் ஆறு கிராம் குறைவு, திரையில் இருபத்துநாலு என்றால் உண்மையில் முப்பது, நுனி ஒரு நிமிஷம் எதையும் தொடாமல் இருந்துவிட்டால் அடுத்த தொடுதலில் மறுபடி அதே குறைவு.

"எத்தன பீஸ்ல பாத்தீங்க?"

"இந்த லாட்டுல ஏழு சார். உங்க கையில இருக்கற லாட்டுல இருவது. எல்லாத்துலயும்."

அவர் பக்கத்தில் யாரிடமோ, இத வெளிய எடுங்க, வேற கம்பெனி கதீட்டர் ஒண்ணு பிரிங்க என்றார். திரும்பி போனுக்கு வந்தார்.

"மாத்திக்கறேன். மேப் திரும்ப எடுக்கணும், ஒரு மணி நேரம் ஆகும், பரவால்ல. இதை நாங்க எழுத்துல பதிவு பண்ணியாகணும், மத்த ஆஸ்பத்திரிக்கும் தெரியணும். உங்க கம்பெனி சார்பா சொல்றீங்களா?"

சுகந்தி நெற்றியைத் தகரத்திலிருந்து எடுத்தாள். வராந்தாவின் கோடியில் கலியமூர்த்தி சார் நின்றுகொண்டிருந்தார். கையில் அவள் விட்டு வந்த ஷீட். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ, வேண்டாம் என்று தலையை ஆட்டினார், கோபமாக இல்லை, குழந்தையிடம் கெஞ்சுகிறவர் மாதிரி. அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது.

"கம்பெனிக்கு இன்னும் தெரியாது சார்."

"அப்ப பேஷன்ட்டோட சொந்தமா? யார் சொன்னதுன்னு போடணும்மா. நீங்க யாரு?"

"அந்த லாட்டுக்குக் கையெழுத்துப் போட்டவ" என்றாள். "பேரு எழுதிக்கங்க. வே. சுகந்தி."